தொண்ணூற்றேழாம் பக்கம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, நடுநாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் பதிப்பகத்தின் சின்ன முதலாளி அவர்களே! அவருக்கு வலப்பக்கம், என் பேச்சு எத்தனை முழம் போகுமோ என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கும் நாடகக் குழுவின் இயக்குநர், தையற்கடைக்காரர் அவர்களே! இடப்பக்கம், வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் மருந்துக்கடைக்காரர் அவர்களே! திரைக்குப் பின்னால் முகச்சாயம் பூசி முடித்து, இந்த அம்மாள் எப்போது இறங்குவாள் என்று காத்திருக்கும் நடிக நடிகையரே! முன்வரிசைப் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற சந்தேகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் பின்சுவரைத் தாங்கி நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! பேய்க்கதை எழுதியே பேர்பெற்ற இந்தக் கிழவியின் வணக்கத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

என்ன சொல்கிறார் அந்தத் தூணோரத்து ஐயா? "பேய் எழுதுறவங்க இவ்வளவு குள்ளமா?" என்கிறாரா? ஆமாம் ஐயா. உயரத்தையெல்லாம் பேய்க்கே கொடுத்துவிட்டேன்.

எனக்கு இன்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். பளபளக்கிறது. முகம் தெரிகிறது. ஐந்து நிமிடம் பேசி, நன்றி சொல்லி, நாற்காலிக்குத் திரும்பச் சொன்னார்கள். நான் நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனால் நன்றி சொல்வதற்கு முன்னால் நியாயம் கேட்க வேண்டும் அல்லவா? முப்பத்தெட்டு வருடமாக நெஞ்சுக்குள் நெருப்பை மூடி வைத்திருப்பவள், ஒரு கேடயத்தைக் கொடுத்ததும் குளிர்ந்துவிடுவாளா? குளிரமாட்டேன். நான் மறதிக்காரி அல்ல. யார், எந்தக் கிழமை, எந்தச் சட்டை போட்டுக்கொண்டு, என்ன சொன்னார் என்று வரிசையாகச் சொல்வேன். தையற்கடைக்காரர் நெளிகிறார் பாருங்கள். நெளியாதீர்கள் ஐயா, உங்கள் முறை வரும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம். கதை சொல்லிக் கொடுத்தது பெரிய முதலாளியின் அச்சகம். பெரிய முதலாளி என்றால், இதோ தலைமை தாங்குகிறாரே, இவருடைய அப்பா. அவரிடம் நான் பாரம் மடிக்கிறவளாகச் சேர்ந்தேன். பாரம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாகாது. பாய் அகலத்துக்கு ஒரு தாள். அதில் பதினாறு பக்கங்கள். மூன்று மடிப்பு மடித்து ஓரத்தை வெட்டினால்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைக்கு வரும். மடிக்காமல் விரித்து வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? முதல் பக்கத்துக்குப் பக்கத்திலேயே பதினாறாம் பக்கம் படுத்திருக்கும். அவற்றுக்கு மேலே எட்டும் ஒன்பதும் தலைகீழாகத் தொங்கும்.

தாய்மார்களே, நான் அச்சத்தைக் கற்றது அங்கேதான்! இடதுகைப் பக்கம் ஒருத்தி கல்யாணப் புடவை தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பாள். வலதுகைப் பக்கம் அவளை வெள்ளைத்துணி போட்டு மூடியிருப்பார்கள். நடுவில் என்ன நடந்தது? மடித்துப் பார்த்தால் தெரியும். மடித்த கையே ஒருநாள் எழுதவும் தொடங்கியது. மத்தியான இடைவேளையில், கட்டிங் மெஷினிலிருந்து விழும் துண்டுத்தாளில், பசைச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். பசை காய்வதற்குள் ஒரு பத்தி. தேநீர் ஆறுவதற்குள் ஒரு கொலை.

அப்படி எழுதியதுதான் இன்று நூறாவது முறையாக நாடகமாக மேடையேறப்போகும் 'உள்ளிருந்து தட்டுபவள்'. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்காதவர்களுக்காக, படித்ததுபோல் தலையாட்டுகிறவர்களுக்காகவும். ஒரு பெரிய வீட்டுக்குப் புது மருமகள் வருகிறாள். நடைக்கூடத்தின் கோடியில் ஒரு பூட்டிய அறை. பட்டப்பகலில், எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அந்த அறைக்குள்ளிருந்து யாரோ மூன்று முறை தட்டுகிறார்கள். "அத்தை, சத்தம் கேக்குதே" என்கிறாள். "எனக்குக் கேக்கலையே" என்கிறாள் மாமியார். கணவனைக் கேட்கிறாள். "எனக்குக் கேக்கலையே." கொழுந்தனைக் கேட்கிறாள். "எனக்குக் கேக்கலையே அண்ணி." கேட்டுக் கேட்டு, அழுது அழுது, கடைசியில் சாவியை அவளே தேடி எடுத்து, பூட்டில் நுழைத்துத் திருப்புகிறாள். 'கதவு திறந்தது.'

புத்தகம் அங்கே முடிகிறது. தொண்ணூற்றாறாம் பக்கம். கடைசி வரி: 'கதவு திறந்தது.'

ஏன் அங்கே முடிகிறது? நான் அங்கே முடிக்கவில்லை! நான் முடித்தது தொண்ணூற்றேழாம் பக்கத்தில்!

அன்று செவ்வாய்க்கிழமை. பெரிய முதலாளி கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தார். அச்சுப்படியைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, தொண்ணூத்தேழு பக்கம் வருது?"

"கதை அங்கதானே முடியுது முதலாளி."

"ஆறு பாரத்துக்குத் தொண்ணூத்தாறு. ஒத்தைப் பக்கத்துக்காக ஏழாவது பாரம் ஏத்தச் சொல்றியா? பாரம் மடிக்கிறவளுக்கு இது தெரியாதா?"

"தெரியும் முதலாளி. முன்னாடி உங்க முன்னுரை ரெண்டு பக்கம் இருக்குல்ல, அதை எடுத்துட்டா ஒரு பக்கம் மிச்சமே வரும்."

பெரிய முதலாளி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "என் முன்னுரை இல்லாம உன் கதையை யாரும்மா படிப்பா?" என்றார்.

என்ன எழுதியிருந்தார் அந்த முன்னுரையில்? 'எங்கள் பணியாளர்களில் ஒருவர் எழுதிய எளிய முயற்சி இது; குறைகளைப் பொறுத்தருள்க.' பொறுத்தருள்க! குறையை உண்டாக்கியவர் யார்? கழுத்தைத் திருகிவிட்டு, கதைக்கு மூச்சுத் திணறுகிறது, மன்னியுங்கள் என்று எழுதுவதா? அந்த முன்னுரை இன்றுவரை இருக்கிறது. இருபத்திரண்டு பதிப்பிலும் இருக்கிறது. என் முடிவு எங்கே? என் முடிவு எங்கே? சின்ன முதலாளி அவர்களே, இன்று வெளியிட்டீர்களே சிறப்புப் பதிப்பு, தங்க எழுத்தில் அட்டை, பட்டுநூல் அடையாளக்கயிறு, அதிலாவது என் முடிவு எங்கே?

நான் சும்மா இருந்தேனா? இருக்கவில்லை. எங்கள் அச்சுக்கோப்பாளரிடம் கெஞ்சினேன். நல்ல மனிதர், மூக்குக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கழிவுத்தாளில் அந்த ஒற்றைப் பக்கத்தை மட்டும் அடித்துக் கொடுத்தார். முப்பது பிரதிகளில் என் கையாலேயே ஒட்டினேன். ஒட்டியது தெரியாமல் ஒட்டுவேன். என் கை அப்படி. ஆனால் தாளின் நிறம் வேறு. என்ன நடந்தது தெரியுமா? முப்பது பிரதிகளும் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. 'கடைசியில் தேவையற்ற தாள் ஒட்டியுள்ளது, பழுதான பிரதி' என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். முழுப் புத்தகம் பழுது. முண்டமான புத்தகம் சரி! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பெரிய முதலாளி சிரிக்கவில்லை. என்னை உட்கார வைத்து, என் கண்முன்னால், என் கையாலேயே, முப்பது தாளையும் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். இருபத்தொன்பது கிழித்தேன். எண்ணத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

பிறகு வந்தார்கள் படித்தவர்கள். கல்லூரியில் ஒரு கூட்டம். ஒரு பேராசிரியர் என் புத்தகத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, "முடிக்காமல் முடித்த முடிவு! வாசகனின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு எழுத்தாளர் ஒதுங்கிக்கொள்கிறார்!" என்று முக்கால் மணிநேரம் முழங்கினார். கடைசியில் என்னைப் பார்த்து, "அம்மா, அந்த இடத்துல நீங்க நிறுத்தினதுக்கு என்ன காரணம்?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். "பாரம் முடிஞ்சு போச்சுங்க." அரங்கம் முழுக்கக் கைதட்டு. ஏதோ தத்துவம் என்று நினைத்துவிட்டார்கள்! அடுத்த வருடம் அது பரீட்சையில் கேள்வியாக வந்தது. என் கதையில் கிழிந்த இடத்துக்கு மதிப்பெண்!

சரி, புத்தகம் போகட்டும் என்று நாடகத்துக்கு வந்தேன். புத்தகத்துக்குத் தாள் பற்றாது. மேடைக்கு என்ன பற்றாது? அங்கே தாளும் இல்லை, பாரமும் இல்லை. என் கதவை முழுசாகத் திறக்கலாம் என்று நம்பிக்கையோடு வந்தேன். தையற்கடையின் பின்கட்டில் ஒத்திகை. சுற்றிலும் தலையில்லாத பொம்மைகள் அரைகுறைச் சட்டை போட்டு நிற்கும். பேய்நாடகத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? எல்லோரும் வேலைவெட்டி உள்ளவர்கள். கடையைச் சாத்திவிட்டு, கையில் மண்ணெண்ணெய் மணமோ மாத்திரை மணமோ மாறாமல் வருவார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் என் முடிவை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்!

மருந்துக்கடைக்காரருக்கு வேடம் இல்லை. வேடம் இல்லை, ஆனால் கோட்டு இருக்கிறது. வெள்ளைக் கோட்டு, புத்தம் புதுசு, கூடவே ஒரு ஸ்டெதஸ்கோப். தையற்கடைக்காரர் என்னிடம் வந்தார்.

"அக்கா, கடைசியில ஒரு டாக்டர் வந்தா நல்லா இருக்கும்."

"என் கதையில டாக்டர் இல்லையே தம்பி."

"இல்லைதான். ஆனா கோட்டு நானே தைச்சது அக்கா. தோள்பட்டை எப்படி நிக்குது பாருங்க. வீணாப் போகலாமா?"

"கதை வீணாப் போனா பரவாயில்லையா?"

"கதைதான் எப்படியும் கதவு திறந்ததோட நின்னுபோச்சே. காலியாத்தானே கிடக்கு!"

காலியாகக் கிடக்கிறதாம்! கேட்டீர்களா தாய்மார்களே? பூட்டிய வீட்டைக் காலிமனை என்று நினைத்துக் குடியேறிவிட்டார்கள். டாக்டர் வருகிறார். மருமகளின் நாடி பிடிக்கிறார். சபையைப் பார்த்துத் திரும்பி நின்று சொல்கிறார்: "இந்தப் பெண்ணுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இது மனநோய்!" திரை விழுகிறது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு புத்தகத்தில் தாளுக்காக முடிவை வெட்டினார்கள். ஒரு மேடையில் கோட்டுக்காக முடிவை ஒட்டினார்கள். நடுவில் என் மருமகள் பைத்தியக்காரிப் பட்டம் வாங்கிக்கொண்டாள்.

இதில் எனக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் வேலை. மருந்துக்கடைக்காரருக்கு ஒரு வரிகூட மனப்பாடம் ஆகாது. பெரிய பெரிய மருந்துப் பெயரெல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். என் மருமகளைப் பைத்தியம் என்கிற வசனம் மட்டும் நிற்காது. ஆக, யார் அடியெடுத்துக் கொடுப்பது? நான்! "இந்தப் பெண்ணுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை" என்று ஒவ்வொரு முறை நாடகம் போடும்போதும் என் வாயாலேயே கிசுகிசுத்தேன். நான் பெற்ற பெண்ணைப் பழிக்க, என் குரலையே வாடகைக்கு எடுத்தார்கள்!

நாற்பத்தோராவது காட்சியில் என் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான். மருந்துக்கடைக்காரர் நாடி பிடித்தார். சபையைப் பார்த்தார். வரி வரவில்லை. பக்கத்திரையைப் பார்த்தார். நான் கல்லாக நின்றேன். பாவம் மனிதர், வியர்த்துக்கொட்ட என்ன செய்வதென்று தெரியாமல், நேரே நடந்து போய், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, அந்தக் கதவின்மேல் வைத்துவிட்டார்!

அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. ஒரு நாற்காலி கிரீச்சிடவில்லை. அவர் கதவைக் கேட்டுக்கொண்டே நிற்கிறார். சபை அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு குழந்தை, "அம்மா, உள்ள இருக்காங்க" என்றது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தே ஓடிவிட்டார்! என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல வசனம் எதுவென்றால், அன்று நான் சொல்லாமல் விட்டதுதான். மறுநாள் பத்திரிகையில் என்ன வந்தது? 'இயக்குநரின் அபாரக் கற்பனை.' அதையாவது வைத்துக்கொண்டார்களா? இல்லை. அடுத்த காட்சிக்கு மருந்துக்கடைக்காரரின் மாமனார் குடும்பம் வருகிறதாம், மாப்பிள்ளை பேசுவதைக் கேட்க வேண்டுமாம். வசனம் திரும்ப வந்தது. அடியெடுத்துக் கொடுக்க வேறு ஆளும் வந்தார். நான் வெளியே வந்தேன்.

இதோ, ஒரு சீட்டு வருகிறது. 'முடிக்கவும்' என்று எழுதியிருக்கிறது. ஐயா, முடிக்கத்தானே முப்பத்தெட்டு வருடமாகக் கேட்கிறேன்! மணியை அடிக்காதீர்கள், அந்த மணியை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பின்வரிசைத் தம்பிகளே, முடிக்கட்டுமா, இறங்கட்டுமா? ... சத்தம் பற்றாது. ... ஆங், இது சத்தம்!

கிழிக்காமல் ஒளித்து வைத்த முப்பதாவது தாள் இது. ஓரம் பொடிந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். முந்திய பக்கத்தின் கடைசி வரியோடு சேர்த்துப் படிக்கிறேன், அமைதியாகக் கேளுங்கள்.

'கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குவளை. கதவின் உட்புறம் முழுக்க நகத்தால் கீறிய கோடுகள். இடுப்பு உயரத்தில் தொடங்கி, நாளாக நாளாகக் கீழே இறங்கி, தரையோரம் வந்து நின்றிருந்தன. அவள் குனிந்து அந்தக் கடைசிக் கோட்டைத் தொட்டாள். பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. "உனக்கு முன்னாடி வந்தவளும் இப்படித்தான், சத்தம் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு சொல்லிட்டே இருந்தா." கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நடைக்கூடத்தின் கோடியில் மூன்று முறை தட்டும் சத்தம். மாமியார் மகனைப் பார்த்தாள். மகன் தம்பியைப் பார்த்தான். "எனக்குக் கேக்கலையே" என்றான் தம்பி. "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, மகன் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.'

முற்றும்.

இதுதான் தொண்ணூற்றேழாம் பக்கம்!

இப்போது தெரிகிறதா, இந்த வீட்டில் பேய் யார் என்று? சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முதல் நாளிலிருந்து கேட்டது. கேட்டும் கேட்கவில்லை என்றார்களே, அதைத்தான் எழுதினேன். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் தொண்ணூற்றாறு பக்கம் எழுதினேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு எனக்குக் கேடயம் கொடுக்கிறீர்களே, இது அடுக்குமா?

தலைவர் அவர்களே, எனக்கு இந்தக் கேடயம் வேண்டாம். திருப்பித் தருகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இன்று, இந்த நூறாவது காட்சியில், என் முடிவு மேடையேற வேண்டும். தையற்கடைக்காரரே, முடியுமா, முடியாதா? "ஒத்திகை இல்லையே அக்கா" என்கிறார். தாழ்ப்பாள் போட ஒத்திகை எதற்கு?

திரைக்குப் பக்கத்திலிருந்து யார் அது கை தூக்குவது? அடடே, நம் மருமகள்! தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிற பெண், இருபது காட்சியாகப் பைத்தியப் பட்டம் வாங்குகிறவள். என்னம்மா சொல்றே? உரக்கச் சொல்லு.

"நான் நடிக்கிறேன்ம்மா. எனக்கும் அந்த டாக்டர் வசனம் கேட்டுக் கேட்டு எரிச்சலா இருக்கு."

கேட்டீர்களா! அவளுக்குப் பின்னால் மாமியார் வேடம் போட்டிருப்பவர், தையற்கடைக்காரரின் சொந்த மனைவி, "தாழ்ப்பாள் நான் போட்டுக்கறேன், அவரை விடுங்க" என்கிறார். இனி இயக்குநருக்கு ஏது பேச்சு?

மருந்துக்கடைக்காரர் என்னையே பார்க்கிறார். கேளுங்கள் தம்பி. "கோட்டை என்ன பண்றது அக்கா?" போட்டுக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்காருங்கள். இன்று யாருக்காவது மயக்கம் வந்தால் பார்க்க ஆள் வேண்டும்.

சின்ன முதலாளி தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். சம்மதமா, சங்கடமா தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு அவசரமும் இல்லை. அந்தத் தாளை நானே அச்சடித்து, ஐந்நூறு பிரதி மடித்துக் கொண்டுவந்து வாசலில் என் பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன். புத்தகம் வாங்கியவர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பசை வேண்டுமானால் அதுவும் இருக்கிறது. இந்த முறை தாளின் நிறமும் ஒன்றுதான். நான் பார்த்துத்தான் வாங்கினேன். பழுது என்று எவரும் திருப்பி அனுப்ப முடியாது! அந்தச் செவ்வாய்க்கிழமையை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். மன்னிக்கவில்லை.

இந்த மேசை நல்ல மரம். மூன்று முறை தட்டப்போகிறேன்.

கேட்கிறதா?

... இன்னொரு முறை. இடப்பக்கம், உங்களுக்குக் கேட்கிறதா? வலப்பக்கம்? சுவரோரம்? மேடையில் இருப்பவர்களே, உங்களுக்கு?

... போதும். தலைவரும் "கேக்குதும்மா" என்று சொல்லிவிட்டார். மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். குறித்துக்கொள்ளுங்கள், நானும் குறித்துக்கொண்டேன்.

என்னைப் பேசவிட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. கடைசிவரை கேட்ட தாய்மார்களுக்கு இரட்டை நன்றி. அடுப்பு அணைந்துதான் இருக்கும், பயப்படாதீர்கள். நான் இறங்கிப் போய் முன்வரிசையில் உட்காருகிறேன். இன்று அடியெடுத்துக் கொடுக்கப்போவதில்லை. முதல் முறையாக, என் கதவு மூடுவதைப் பார்க்கப்போகிறேன்.

திரையைத் தூக்குங்கள். வணக்கம்!